கொடைக்கானல் கிட்டிய மாலை

என் அப்பா ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்று வீட்டில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். அந்த இருபதில் பாதி தண்ணீரைப் பற்றியதாக இருக்கும். எர்ணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் குடிதண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. காலையில் பல் துலக்க வெளியே வந்தாலே தெரு அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான், இன்று தண்ணீர் வருமா? சாயாக்கடையில் கேட்பார்கள், சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகும் கேட்பார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அவரிடம் வார்த்தை மிச்சமிருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

அம்மா சின்னமனூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவின் குடும்பமோ, யாரோ ஒரு பாட்டனார் நகரசபை வேலைக்கு வந்து அப்படியே மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசியது தமிழ்தான். ஆனால் நாங்கள் பேசுவதைத் தமிழ் என்று அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கிட்டிச்சு, கேட்டிச்சு என்று நான் எதையாவது சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் என் பெயரைக்கூட அப்போது எனக்கு எழுதத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அம்மாவின் மலையாளம் மீன் வாங்கும் அளவுக்கு வரும். அங்கேயும் மீன்காரிதான் இரக்கப்பட்டுத் தமிழுக்கு இறங்கி வருவாள்.

வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. சேனல் மாற்றும் திருகைத் திருப்பினால் கடக் கடக் என்று பன்னிரண்டு இடத்தில் நிற்கும். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் படம் வரும், அதுவும் மலையாளம். அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, எல்லாரும் சிரிக்கிறார்களே, என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்பாள். நான் பெரிய மேதாவி மாதிரி சலித்துக்கொண்டு பாதி சொல்வேன். அவள் ஊரில் வாசலில் நின்றாலே மலை தெரியுமாம். டி.வி.க்குப் பின்னால் ஒரு ஒயரைச் செருகிவிட்டால் போதும், கொடைக்கானல் நிலையம் பளிச்சென்று வந்துவிடுமாம். இதை அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம், கர்க்கடக மழையில், அதாவது ஆடி மாசம், அம்மா பத்து நாளைக்கு என்று சொல்லி ஊருக்குக் கிளம்பினாள். என்னைக் கூட்டிப் போகவில்லை, பள்ளிக்கூடம் கெடுமாம். அதற்கு முந்தைய நாள் அடுக்களையில் அவள் சோற்றுப் பானையிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

"எங்கூட ஒரு வார்த்தை தமிழ் பேச இந்த வீட்ல ஆளிருக்கா?"

அப்பா முன்னறையில்தான் இருந்தார். ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். மறுநாள் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார், தனியாகத் திரும்பி வந்தார்.

பத்து நாள் இருபதாயிற்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அம்மாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. தமிழ்க் கடிதம், வீட்டில் படிக்க ஆள் கிடையாது. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றிவிட்டுக் கடைசியில் சுள்ளிக்கல் முக்கில் துணி தேய்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். அண்ணாச்சி ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி படித்தார். துணி வாங்க வந்த நாலு பேர் நின்று கேட்டார்கள். நலம், நலமறிய ஆவல், மழை உண்டா, பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கவும். வேறு என்ன எழுதுவாள்? எழுதினால் யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

பள்ளி விட்டு வந்தால் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி நானே கதவைத் திறப்பேன். அந்த வீட்டுக்குள் தனியாக நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. டி.வி.யைப் போட்டு, படம் வராத இடத்தில் திருகை நிறுத்திவிட்டு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். திரை முழுக்கப் புள்ளிகள் கொதிக்கும், இரைச்சல் வரும். இரைச்சலாவது இருக்கட்டுமே என்றிருந்தது. உற்றுப் பார்த்தால் புள்ளிகளுக்குள் ஒரு முகம் இருப்பது போலத் தோன்றும். இந்தப் பன்னிரண்டில் எங்கேயோ ஓர் இடத்தில்தான் கொடைக்கானல் இருக்கிறது, அம்மா இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அப்படி நினைத்து நினைத்துத்தான் என் திட்டம் உருவாயிற்று. அம்மா போனது இந்த வீட்டில் தமிழ் இல்லாததால். கொடைக்கானலைப் பிடித்துவிட்டால் தமிழ் வந்துவிடும். தமிழ் வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள். கணக்குப் பாடத்தில்கூட நான் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஆன்டெனா எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தெருத்தெருவாக நடந்து கூரைகளைப் பார்த்து வந்தேன். எங்கள் வீட்டு ஆன்டெனாவில் நாலு கம்பி, குஜராத்தித் தெருவில் ஒரு மாடி வீட்டில் பதினொன்று. ஆகவே கம்பி கூடக்கூடத் தூரம் கூடும் என்று முடிவு கட்டினேன். அது ஓரளவு சரிதான். கம்பிக்கு எங்கே போவது என்று தேடியதில் அகப்பட்டது அம்மாவின் குடை. அவள் விட்டுப்போன உருப்படியான பொருள் அது ஒன்றுதான். துணியைக் கிழித்து, கம்பிகளைக் கழற்றி, துடைப்பக் கட்டையில் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

"எதுக்கு இது?"

"கொடைக்கானலுக்கு" என்றேன்.

அவர் ஒரு கம்பியை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"இது துருப் பிடிக்கும்" என்றார்.

அவ்வளவுதான். நான் எதற்காக அதைச் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவிலிருந்து அலுமினியக் குழாய்களைச் சைக்கிளில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அன்றிலிருந்து வேலை என் கையை விட்டுப் போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பா ஆன்டெனா கட்டியது பார்க்க வேண்டிய காட்சி. அவருக்குத் தெரிந்தது குழாய் வேலை. அலுமினியமும் குழாய்தானே என்று அவர் அதே முறைப்படி இறங்கிவிட்டார். அறுத்த முனைகளை எல்லாம் ராவி, ஒவ்வொரு இணைப்பிலும் சணல் நூலைச் சுற்றி, அதன்மேல் குழாய் மூட்டுக்குப் பூசும் வெள்ளைப் பசையைத் தடவி இறுக்கினார். டி.வி.க்குப் போகும் ரிப்பன் ஒயரை முடுக்கும் ஆணியையும் விடவில்லை. அதற்கும் சணல், அதற்கும் பசை. ஒரு சொட்டு மழை உள்ளே போகாது. பிறகு இரண்டு இரும்புப் பைப்பை மரை வெட்டி ஒன்றோடொன்று சேர்த்து, அடுக்களையின் கான்கிரீட் கூரையில் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். எங்கள் வரிசையில் அவ்வளவு உயரமான ஆன்டெனா வேறு யாருக்கும் கிடையாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

படம் வரவில்லை. கொடைக்கானல் வேண்டாம், பழைய மலையாளமே வரவில்லை. அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டோம்.

ஓணத்துக்குப் பள்ளி விட்ட பத்து நாளும் இதே வேலை. அப்பா வேலையிலிருந்து வந்ததும் சாயா குடித்துவிட்டுக் கூரையில் ஏறுவார். பைப்பை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு, கீழே ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கிட்டிச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"புள்ளிதான்."

நாளெல்லாம் ஊர் அவரைக் கேட்கும் கேள்வியை அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் போலவே சுருக்கமாகப் பதில் சொன்னேன். எங்களுக்குள் அதற்கு முன்பு அவ்வளவு பேச்சு நடந்ததே இல்லை.

கடைசியில் அப்பா வெட்கத்தை விட்டு, டி.வி. ரிப்பேர் பார்க்கும் சேட்டன் ஒருவரை அழைத்து வந்தார். சேட்டன் கூரையில் ஏறி, இணைப்பை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் இறங்கி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"சேட்டா, இதில கூடி வெள்ளமல்லா வருந்நது" என்றார். இதில் தண்ணீரா ஓடுகிறது என்று கேலி.

"மழ வெள்ளம் கேறண்டான்னு வெச்சு" என்று அப்பா முணுமுணுத்தார். மழைத் தண்ணீர் உள்ளே ஏறக் கூடாதே என்றுதான் அவர் அப்படிச் செய்திருந்தார்.

உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அலை ஒயருக்கு வரும், நடுவில் சணலும் பசையும் வைத்தால் வழி அடைபட்டுவிடும் என்று சேட்டன் விளக்கினார். கசியாமல் இருப்பதற்காக இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவர் என் அப்பா. அன்று ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை. சேட்டன் போகும்போது, கொடைக்கானலுக்குக் கம்பி ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். நடுவில் இருப்பது மலை, கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்லியிருந்தார்.

அப்பா எல்லாவற்றையும் பிரித்தார். பசையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அட்டையில் இருந்த அளவுக்கு ஒவ்வொரு கம்பியையும் அறுத்தார். ஒன்று இம்மி குறைந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பிராட்வேக்குப் போய் வந்தார். முதல் நாளே மலையாளம் திரும்பி வந்துவிட்டது. கொடைக்கானல் மட்டும் வரவில்லை. சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வைத்தார். இன்னொரு பைப்பைச் சேர்த்து உயர்த்தினார். துலாம் மாசம், அதாவது ஐப்பசி, பிறந்ததும் சாயங்காலம் தவறாமல் இடி இடித்தது. இடி வரும் நேரத்தில் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு கூரையில் நிற்கிறானே, இவனுக்குக் கிறுக்கா என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மழையில் கால் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினார். ரத்தத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஏறினார். உப்புக் காற்றில் இணைப்புகள் வெளுத்துப்போகும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் தேய்ப்பார். அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. ஆன்டெனா கட்டுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது என்றுகூட நான் நினைத்தேன்.

மார்கழியில், அங்கே தனு மாசம், ஒரு சாயங்காலம் காற்று அசையாமல் இருந்தது. நான் வீட்டுப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கத்துக்கு இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளிகள் மெதுவாக ஒரு பக்கமாக ஒதுங்கின. ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது, பிறகு மீசை, பிறகு குரல். நிலக்கடலைச் செடியில் வரும் வேரழுகலைப் பற்றி யாரோ ஒருவர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். ஜன்னலுக்கு ஓடி இன்னொரு தடவை கத்தினேன்.

பைப்பை அசையாமல் முடுக்கிவிட்டு அப்பா இறங்கி வந்தார். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நிலக்கடலைச் செடி எப்படி இருக்கும் என்றே தெரியாது. இருந்தாலும் அதன் வேரழுகலைக் கண்கொட்டாமல் பார்த்தோம். கீழே எழுத்து ஓடியது, அதைப் படிக்கவும் தெரியாது. எந்த மருந்தை எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அம்மாவும் இதே நிமிஷத்தில் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கால்மணி நேரம் இருக்கும், படம் கரைந்து மறுபடி புள்ளியாயிற்று. அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"வா, அம்மைய விளிக்கலாம்" என்றார்.

அம்மாவின் ஊரில் அரிசி மில்லில் மட்டும்தான் போன். தெருமுனை பூத்திலிருந்து முதலில் அங்கே கூப்பிட்டு, ஆளை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். அந்தக் கால்மணி நேரமும் அப்பா பூத்துக்கு வெளியே ஒரு கட்டையில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து கொண்டிருந்தார். தலையை விரலால் வாரிக்கொண்டார். போனில் முகம் தெரியாது என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நம்பரைச் சுழற்றியவர் அவர்தான். மணி அடித்ததும், அந்தப் பக்கம் எடுக்கும் முன்னால், சுட்டுவிட்டது போல ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

அம்மா ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல. அம்மா, கொடைக்கானல் கிட்டிச்சு. நம்ம வீட்டுல தமிழ் வந்துச்சு" என்றேன்.

"அங்கிட்டா? மலையத் தாண்டியா? யாரு கட்டுனா?"

"நாந்தான். உன் கொடக் கம்பிய எடுத்து நானாக்கும் தொடங்கினது."

"என் கொடையவா ஒடச்ச?" என்றாள். ஆனால் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு ஐந்து மாசம் ஆகியிருந்தது. இனி அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று நான் நினைத்தேன். கேட்பதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, உள்ளங்கையில் இருந்த அலுமினியக் கறுப்பை மற்றக் கையின் கட்டைவிரலால் அழித்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தவள் அம்மா. அப்பா அன்று சொன்னதையெல்லாம் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லம்மா. எப்பவும் போலத்தான்."

அந்தப் பக்கம் அரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அம்மா, சரி, நல்லாப் படி, தலைக்கு எண்ணெய் வை என்று சொல்லி வைத்துவிட்டாள். பஸ்ஸைப் பற்றிக் கேட்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு அம்மா வந்தாள், என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப் போவதற்காக வந்தாள். அதற்குப் பிறகு வருஷம் முழுக்கப் பள்ளி அப்பாவோடு, விடுமுறை அம்மாவோடு என்று ஆயிற்று. அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. தமிழ் எழுதப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்த விடுமுறைகளில்தான்.

ஆனால் அன்று பூத்தை விட்டு வெளியே வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அப்பா தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மை என்ன சொல்லிச்சு?"

"நல்லாப் படிக்கச் சொல்லிச்சு" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி என்பதோ, பதில் என் கையில்தான் இருந்தது என்பதோ எனக்கு உறைக்கவில்லை. முட்டியில் ரத்தம் வழிய அவர் மறுபடி கூரையில் ஏறியதை, அம்மாவைக் கூப்பிடலாம் என்று அவரே சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் குரல் தாழ்ந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்ட திருப்தியோடு, நாளைக்குப் படம் இன்னும் தெளிவாக வரும், இல்லையா என்று கேட்டுக்கொண்டே அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தேன்.